வண்டி நிற்கும் ஊர், இறங்கி நடக்கும் ஊர்

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு விக்கிரவாண்டி என்றால் ஒன்று சுங்கச்சாவடி, இன்னொன்று சாப்பாட்டுக் கடை. பேருந்து நிற்கும், கண்டக்டர் நேரம் சொல்லுவார், எல்லோரும் அவசரமாக இறங்கி அவசரமாக ஏறுவார்கள். ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் அந்த ஊர்க்காரன். சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போவது என் தொழில். டிசம்பர், ஜனவரியில் ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களை விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களுக்குக் கூட்டிப் போவேன். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் தமிழ்க் குடும்பங்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போவேன். இங்கே என்னைக் கைடு என்பார்கள், அங்கே டூர் மேனேஜர். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களை இறக்கி ஊருக்குள் நடக்க வைக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் புதுச்சேரியில் வாடகைக்கு அம்பாசடர் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போய்விட்டு இரவே திரும்புவார்கள். ஒருநாள் ஏறிய வயதான பிரெஞ்சுத் தம்பதி வேறு வழி கேட்டார்கள். கையில் ழூவோ-துப்ரேயின் புத்தகத்திலிருந்து நகலெடுத்த தாள்கள். அவர் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்தவர். பல்லவர் காலத்துச் சின்னங்களைத் தேடித் திரிந்து 1916இலும் 1918இலும் இரண்டு தொகுதிகள் வெளியிட்டவர். பென்சிலால் வட்டமிட்டிருந்த பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: மண்டகப்பட்டு, தளவானூர், பனைமலை. எல்லாம் எங்கள் சொந்தக்காரர்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். மண்டகப்பட்டுக் குடைவரை எனக்குச் சித்தி வீட்டுக்குப் போகும் வழியில் ஆடுகள் ஒதுங்கும் பாறை. அந்தப் பாறைக்காக இரண்டு பேர் பாரீசிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றதும், பேட்டாவுக்கு மேலே இந்தத் தொழிலில் ஏதோ இருக்கிறது என்று பட்டது. அடுத்த சில வருடங்களில் மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தேன். வழிகாட்டிப் பயிற்சி முடித்து உரிமமும் வாங்கினேன்.

மண்டகப்பட்டை எப்படிக் காட்டுவது என்று கற்றுக்கொள்ளவே நாளாயிற்று. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையை விட்டு உள்ளே போனால், வயல்களுக்கு நடுவே ஒரு பாறை. முகப்பில் தூண்கள், இரண்டு பக்கமும் வாயிற்காவலர், உள்ளே காலியான மூன்று அறைகள். அவ்வளவுதான். மாமல்லபுரத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இரண்டு நிமிடத்தில் திரும்பி வண்டியைப் பார்ப்பார்கள். ஆகவே நான் உடனே பேசுவதில்லை. ‘ஒரு கட்டடம் கட்ட என்னென்ன வாங்குவீர்கள்?’ என்று கேட்பேன். செங்கல், மரம், இரும்பு, சுண்ணாம்பு என்று அவர்களே அடுக்குவார்கள். பிறகு தூணில் உள்ள கிரந்த எழுத்தைக் காட்டுவேன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் என்று சொல்லும் வடமொழிக் கல்வெட்டு அது. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். ஏழாம் நூற்றாண்டில் ஒரு ராஜா, தான் எதையெல்லாம் பயன்படுத்தவில்லை என்று பட்டியல் போட்டுப் பெருமைப்பட்டிருக்கிறான். அதைக் கேட்டதும் காலி அறைகளை மறுபடி பார்க்கப் போவார்கள். அந்த இரண்டாவது பார்வைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

இந்தச் சுற்றில் கல்வெட்டைவிட முக்கியமானது சாவி. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடமென்றால் காவலர் இருப்பார், மதியம் சாப்பிடப் போயிருப்பார். பூசை நடக்கும் கோயிலென்றால் சாவி குருக்கள் வீட்டில். மேல்சித்தாமூர் என்றால் சமண மடத்தில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தமிழ்ச் சமணர்களுக்குத் தலைமைப்பீடம் அதுதான், அங்கே போகிறவர்கள் விருந்தாளியாகத்தான் போக வேண்டும். என் பழைய டைரியில் மன்னர்களின் ஆட்சியாண்டை விடச் சாவிக்காரர்களின் தொலைபேசி எண்கள் அதிகம். யார் வீட்டில் எப்போது கல்யாணம், யாருக்கு முழங்கால் வலி, எந்த ஊரில் செவ்வாய்க்கிழமை சந்தை என்றும் எழுதி வைத்திருப்பேன். முழங்கால் வலிக்காரரை மலைமேல் இரண்டாவது முறை ஏறச் சொல்ல முடியாது.

பனைமலைக்கு அதனால்தான் காலைப் பூசை நேரத்திலேயே போய்விடுவேன். ஏரியை ஒட்டிய குன்றின்மேல் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டில் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே மன்னன். இங்கே ஒரு சிறு சன்னதியின் சுவரில், குடைக்குக் கீழே ஒரு காலை மடித்து ஒயிலாக நிற்கும் தேவியின் ஓவியம் மிச்சமிருக்கிறது. நிறம் போனது போக எஞ்சியிருப்பது முகமும் மகுடமும் உடம்பின் வளைவும்தான். பளிச்சென்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். வெயிலிலிருந்து வந்த கண் நிழலுக்குப் பழகும்வரை அவர்களைப் பேசாமல் நிற்க வைப்பேன். இத்தாலியில் தேவாலயச் சுவரோவியங்களைப் பார்த்துப் பழகியவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். சுண்ணப்பூச்சு, கோடு, நிறம் என்று தங்களுக்குள்ளேயே பேச ஆரம்பித்துவிடுவார்கள். நான் ஓரமாக நகர்ந்துகொள்வேன். எப்போது வாயை மூட வேண்டும் என்பதைப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தரவில்லை.

ஐரோப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் கடிகாரம். அங்கே பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் நாற்பத்தைந்து நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் சாதாரணமாக ஓட்டக் கூடாது. வண்டியில் இருக்கும் கருவி எல்லாவற்றையும் பதிவு செய்யும். நம்மவர்கள் ‘டிரைவர்கிட்ட கொஞ்சம் சொல்லுங்க சார், இன்னும் ஒரு இடம் பாத்துட்டுப் போயிடலாம்’ என்பார்கள். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டுக் காலையில் முகம் கழுவிக்கொண்டு மறுபடி ஸ்டீயரிங் பிடித்த ஆள் நான். அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் ஓட்டுநர் காப்பியும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது பாடம் நடை. இத்தாலியின் பழைய நகரங்கள் பலவற்றில் வெளி வண்டி உள்ளே நுழைய முடியாது. நுழைந்தால் கேமரா பிடித்து அபராதச் சீட்டு வீட்டுக்கே வரும். பேருந்தை வெளியே விட்டுவிட்டு எல்லோரும் நடக்க வேண்டும். ஆஸ்திரியாவில் ஹால்ஷ்டாட் என்ற ஏரிக்கரை ஊர் இருக்கிறது. குடியிருப்பவர்கள் எழுநூற்றைம்பது பேர் அளவில்தான். ஏழாயிரம் ஆண்டு வரலாறு சொல்லும் உப்புச் சுரங்கம் அங்கே உண்டு. ஊரும் சுற்றுப்புறமும் 1997இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. கூட்டம் தாங்காமல் 2020இல் சுற்றுலாப் பேருந்துகளுக்கு நேரம் ஒதுக்கும் முறை கொண்டுவந்தார்கள். முன்பதிவு இல்லாத பேருந்துக்கு இடமில்லை. பதிவு செய்தவர்களும் வந்த வேகத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு ஓட முடியாது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கியாக வேண்டும். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். இரண்டு மணி நேரம் நிற்கிறவனுக்குப் பசிக்கும், கால் வலிக்கும், பேரப்பிள்ளைக்கு ஏதாவது வாங்கத் தோன்றும். காசு ஊருக்குள் விழும்.

எங்கள் விக்கிரவாண்டியில் இது தலைகீழ். நிற்கும் வண்டிக்குக் குறைவில்லை, இறங்கும் காலுக்கும் குறைவில்லை. ஆனால் அந்தக் கால்கள் நெடுஞ்சாலை ஓரத்தைத் தாண்டுவதில்லை. கும்பகோணம் சாலை பிரிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பனையபுரம் இருக்கிறது. சம்பந்தர் பாடிய புறவார் பனங்காட்டூர் அதுதான். தல மரம் பனை. சித்திரை முதல் வாரத்தில் சூரிய ஒளி சன்னதிக்குள் விழும் என்று கூட்டம் வரும். சாலையை அகலப்படுத்தும் திட்டத்தில் கோயிலுக்கு ஆபத்து என்ற செய்தி வந்தபோது ஊர்க்காரர்கள் திரண்டு எதிர்த்தார்கள். கோயில் நிற்கிறது. அந்தச் சாலையில் நாள் முழுக்க ஓடுகிற வண்டிகளில் எத்தனை அங்கே நிற்கின்றன என்பது வேறு கேள்வி.

மூன்றாவது பாடத்தை ஜெர்மனியில் ரோட்டன்பர்க்கில் கற்றேன். கோட்டை மதிலுக்குள் மரச்சட்ட வீடுகள், கூம்புக் கோபுரங்கள். எல்லாமே இடைக்காலத்திலிருந்து அசையாமல் நிற்பது போலத் தெரியும். ஆனால் 1945 மார்ச் 31ஆம் தேதி குண்டுவீச்சில் பழைய நகரத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் நாசமானது. அந்தப் பகுதியில் பிறகு கட்டி எழுப்பியதைத்தான் பார்க்கிறோம். மதிலைப் புதுப்பிக்கப் பல நாடுகளிலிருந்து பணம் வந்தது. கொடுத்தவர்கள் பெயரும் ஊரும் மதிலின் உள்பக்கம் கல்லில் வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். நம் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ‘உபயம்’ எழுதுவோமே, அதே சமாச்சாரம். எங்கள் குழு அங்கேதான் வீட்டு நினைப்பு வந்து சத்தமாகச் சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் நான் சொல்வது: சோழர் காலக் கல்வெட்டில் பாதி இதுதான். விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர், நிலம் கொடுத்தவர், பொன் கொடுத்தவர் பெயர்கள். ஊர் தன் மதிலைத் தானே தாங்கிய கணக்கு அது.

தமிழ்க் குழுக்களில் வயதான வாத்தியார் ஒருவராவது இருப்பார். எந்தக் கோட்டையைப் பார்த்தாலும் ‘இது எந்த வருஷம்?’ என்பார். சொன்னதும், ‘நம்ம தஞ்சாவூர் 1010. இதப் பாக்கவா இவ்ளோ தூரம்?’ என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் மெதுவாகக் கேட்பேன்: ‘சார், எண்ணாயிரம் பாத்திருக்கீங்களா?’ பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார். திண்டிவனத்தைத் தாண்டி எத்தனையோ முறை போயிருப்பார், சாலையிலிருந்து மேற்கே திரும்பியிருக்க மாட்டார்.

எண்ணாயிரத்தில் அழகிய நரசிம்மப் பெருமாள் கோயில். 1012 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே ஒரு வேதக் கல்லூரியின் வரவுசெலவையே எழுதி வைத்திருக்கிறது. மாணவர்கள் 340 பேர், ஆசிரியர்கள் 14 பேர். இளைய மாணவர் 270 பேருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மேல்படிப்பு மாணவர் 70 பேருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. எந்த வேதத்துக்கு எத்தனை பேர், இலக்கணத்துக்கு எத்தனை பேர் என்று கணக்கு ஓடும். ஐரோப்பாவின் மூத்த பல்கலைக்கழகம் என்று சொல்லும் பொலோஞாவுக்கு 1088ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொள்கிறார்கள். அதைச் சொன்னதும் விருந்தாளிகள் புருவம் உயரும். அடுத்த நொடி யாராவது ஒருவர், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியை, கேட்பார்: ‘இதில் யார் படிக்கலாம்? யார் படிக்க முடியாது?’ வேதம் படிக்க அன்று யாருக்கு இடமிருந்தது, நெல் விளைத்தவன் பிள்ளைக்கு ஏன் இடமில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன். பெருமையை மட்டும் விற்கும் கைடுகள் உண்டு. என்னால் அது முடியாது. நெல் விளைத்தவர்கள் பக்கத்துப் பிள்ளை நான்.

திருவக்கரைக்குப் போனால் கணக்கே வேறு. அங்கே இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781இலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இவற்றைக் குறித்து வைத்தார். பின்னாளில் இந்த இடம் தேசியப் புவியியல் சின்னமாயிற்று. ஆண்டு வளையம், கணு எல்லாம் அப்படியே தெரியும், தட்டினால் கல். பல வெளிநாட்டுக்காரர்கள் இதற்காகவே வருவார்கள். நம் ஜனங்கள் வருவது பக்கத்திலிருக்கும் வக்கிரகாளியம்மனுக்கு. பௌர்ணமியன்று நிற்க இடமிருக்காது. குழுவோடு போகுமுன் காலண்டரில் நிலாவைப் பார்த்துவிடுவேன். சிலர் பௌர்ணமியையே கேட்டு வருவார்கள். அவர்களுக்குக் கல்மரம் பத்து நிமிடம், எலுமிச்சை விளக்கும் வளையல் கடையும் இரண்டு மணி நேரம். தரையில் கிடக்கும் ஒரு கல்மரத் துண்டை நினைவுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவருக்கு மட்டும் என் பதில் எப்போதும் ஒன்றே: கூடாது.

வரலாற்றை வைத்துப் பாதை போடுகிறோம் என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். உண்மையில் கழிப்பறையை வைத்துத்தான் போடுகிறோம். ஐரோப்பாவில் பல இடங்களில் காசு போட்டால்தான் கதவு திறக்கும். நம்மவர்கள் அதை ரூபாயாக மாற்றிக் கணக்குப் போட்டுத் திட்டிக்கொண்டே போவார்கள். ஆனால் கதவு இருக்கும், உள்ளே தண்ணீரோ காகிதமோ இருக்கும். இங்கே மண்டகப்பட்டுக்கும் பனைமலைக்கும் எண்ணாயிரத்துக்கும் போகிற பெண்களைக் காலையிலேயே ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருக்கும். நெடுஞ்சாலை ஓட்டலை விட்டால் மறுபடி நெடுஞ்சாலை ஓட்டல்தான். அதனாலேயே பல ஏஜென்டுகள் இந்தச் சுற்றை விற்பதில்லை. மகேந்திரவர்மனும் ராஜசிம்மனும் தோற்பது இந்த இடத்தில்தான்.

பழைய விருந்தாளி ஒருவர் அழைத்ததால் ஒருமுறை தென்மேற்குப் பிரான்சில் கொலோன்ழ்-லா-ரூழ் என்ற கிராமத்துக்குப் போனேன். முழுக்கச் செம்மணற்கல் வீடுகள். 1982இல் அந்த ஊர் மேயர் ஷார்ல் செராக் தொடங்கியதுதான் பிரான்சின் மிக அழகிய கிராமங்களுக்கான சங்கம். சேர நிபந்தனை உண்டு: மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தாண்டக் கூடாது, சட்டப் பாதுகாப்புப் பெற்ற சின்னமோ இடமோ குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். மேயரின் பெயரைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. சென்னை லயோலாக் கல்லூரியில் வாழ்ந்து, 2012இல் சென்னையிலேயே கண்மூடிய பியேர் செராக் அடிகளாருக்கு இவர் சகோதரர். அண்ணன் மானாமதுரைப் பக்கம் கிணறும் பண்ணையுமாக ஊர்களைத் தூக்கி நிறுத்தப் பாடுபட்டார். தம்பி தன் கிராமம் காலியாகிவிடாமல் இருக்க வழி தேடினார். எங்கள் விக்கிரவாண்டியில் கிளம்பும் 36ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மானாமதுரையில்தான் போய் முடிகிறது. அதைச் சொன்னபோது அந்த விருந்தாளி வரைபடத்தை விரித்துக் கோடு போட்டுப் பார்த்தார்.

அங்கேயும் சிற்றூர்களில் தேவாலயம் பூட்டியிருந்தால் சாவி ஊராட்சி அலுவலகத்திலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். கதவில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருப்பார்கள். வித்தியாசம் அந்தச் சீட்டுதான். எங்கள் பக்கத்தில் சாவி யாரிடம் என்பது என் டைரியில் இருக்கிறது. கதவில் இருந்தால் என் பிழைப்பு கொஞ்சம் குறையும், ஆனால் வருகிறவர்கள் பத்து மடங்காவார்கள்.

2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருப்பவை, பன்னிரண்டாவது நம் செஞ்சி. 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் தங்கியிருக்க, 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டும் சுலபத்தில் விழாத கோட்டை. 1714இல் தேசிங்கு களத்தில் இறந்த ஊர். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்களும் செஞ்சியிலிருந்து போனவையே. விருந்தாளிகளுக்கு மாலையில் அந்தத் தூண்களைக் காட்டி, மறுநாள் காலை அவை கிளம்பிய இடத்துக்கு அழைத்துப் போவேன். கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறச் சம்மதிக்க வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பட்டியல் வந்த பிறகு செஞ்சியைக் கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். நான் அவர்களிடம், ‘இன்னும் ஒரு நாள் சேர்த்துத் தாருங்கள்’ என்கிறேன். செஞ்சியை ஒட்டியே திருநாதர்குன்று இருக்கிறது. பாறையில் இரண்டு வரிசையாக இருபத்துநான்கு தீர்த்தங்கரர். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற துறவியின் கல்வெட்டு. அங்கிருந்து மேல்சித்தாமூர், மறுநாள் பனைமலை, மண்டகப்பட்டு, எண்ணாயிரம்.

அந்தக் கூடுதல் நாளுக்கு மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்யப் போனேன். நெடுஞ்சாலைக்குத் திரும்பாமல், பனைமலைப் பக்கம் ஒரு வீட்டிலேயே சமைத்துப் போட வேண்டும், சுத்தமான கழிப்பறையும் அங்கேயே இருக்க வேண்டும் என்பது திட்டம். சுயஉதவிக் குழுப் பெண்கள் நாலு பேர் சம்மதித்தார்கள். கேழ்வரகுக் களி, கீரைக் கடையல், வேர்க்கடலைத் துவையல், சோறு, ரசம், மோர். விலை பேசும்போதுதான் இழுபறி.

‘பெரியம்மா, ஒரு இலைக்கு எவ்வளவு போடலாம்?’

‘மெயின் ரோட்டு ஓட்டல்ல இன்னா வாங்குறான்?’

சொன்னேன்.

‘அப்ப அதுக்கு மேல போடு தம்பி.’

‘கொஞ்சம் கம்மியா இருந்தாத்தான வருவாங்க?’

‘கம்மியா வாங்குனா அவன் சோறுதான் ஒசத்தின்னு ஆயிடும். இவ்ளோ தூரம் வந்து எங்க வூட்ல ஒக்காந்து சாப்புடறாங்க இல்ல?’

புரோகிராம் தாளில் அவர் சொன்ன விலையைத்தான் போட்டிருக்கிறேன். இதுவரை ஒரு குழுவும் பேரம் பேசவில்லை.